ஆடி 1 கணக்கில் வராதா?
'தமிழ்நாட்டில் பண்டிகைக் காலம் ஆயுத பூஜையில்தான் தொடங்குகிறது, ஆடி வெறும் தள்ளுபடி மாதம்' என்று இந்தக் கட்டுரையில் போகிற போக்கில் எழுதியிருப்பது சேலத்துக்காரர்களுக்குப் பொருந்தாது. எங்களுக்கு ஆடி 1 அன்று, அதாவது ஜூலை 17 வாக்கில், தேங்காய் சுட்டால்தான் பண்டிகைக் கணக்கே ஆரம்பம். அம்மாப்பேட்டையில் எங்கள் வீட்டில் நாரை உரித்த தேங்காயை வாசல் சிமெண்ட் தரையில் வழவழவென்று ஆகும்வரை தேய்ப்போம். அது பிள்ளைகள் வேலை, உள்ளங்கை எரியும். அப்புறம் ஒரு கண்ணைத் துளைத்துத் தண்ணீரை வடித்து, பாசிப்பருப்பு, பொட்டுக்கடலை, எள், அவல், வெல்லம் எல்லாம் திணித்து, வடித்த தண்ணீரில் கொஞ்சம் திரும்ப ஊற்றி, மஞ்சள் பூசிய அழிஞ்சில் மரக் குச்சியைச் செருகி நெருப்பில் வாட்ட வேண்டியதுதான். தெரு முழுக்க வீட்டுக்கு வீடு தீ, கண்ணைக் கரிக்கும் புகை. ஓடு கருகி 'டப்'பென்று விரிசல் விட்டால் பதம். பிள்ளையாருக்குப் படைத்துவிட்டு உடைத்தால், பருப்பும் வெல்லமும் தேங்காயோடு ஒட்டி வெந்திருக்கும். பாரதப் போர் ஆடி 1-ல் தொடங்கி 18-ல் முடிந்தது என்று பாட்டி இதற்கு ஒரு கதை சொல்வார். மேலே கருத்துப் பகுதியில் ஒருவர் 'கேஸ் அடுப்பிலேயே சுடலாமே' என்று கேட்டிருக்கிறார். சுடலாம், ஃபிளாட்டுக்குக் குடிபோன வருஷம் நானும் சுட்டேன். குச்சி எரிந்து விழுந்து, வெல்லப்பாகு பர்னர் ஓட்டைகளில் இறங்கி, இரண்டு நாள் ஊசியால் குத்திக்கொண்டிருந்தேன். இப்போது அன்று சாயங்காலம் குடும்பத்தோடு அப்பா வீட்டு வாசலுக்கே போய்விடுகிறோம். கோட்டை மாரியம்மன் பண்டிகையெல்லாம் இதற்கு அப்புறம்தான்.