ஷெல்லியின் முதல் முப்பது மீட்டர்

ஜமைக்காவின் ஓட்டக்காரி ஷெல்லி ஆன் ஃப்ரேசர் பிரைஸ் பற்றி யார் பதிவு போட்டாலும் அந்தத் தோஹா படம்தான் வருகிறது. 2019 உலக சாம்பியன்ஷிப், 100 மீட்டரில் தங்கம், வானவில் நிறத்தில் தலைமுடி, இடுப்பில் இரண்டு வயது மகன். கீழே எழுதியிருப்பதும் ஒன்றுதான்: தாய்மைக்கு நிகர் ஏது! படம் எனக்கும் பிடிக்கும். அந்த வரியைப் பார்த்தால்தான் எரிச்சல் வருகிறது.

ஏன் என்று சொல்ல, அவருடைய ஸ்டார்ட்டைப் பற்றிப் பேச வேண்டும். உயரம் 152 செ.மீ., அதாவது ஐந்தடி. பக்கத்து லேன்களில் நிற்பவர்கள் பெரும்பாலும் இவரைவிட நெடுநெடுவென்று இருப்பார்கள். ஓட்டத்தின் பின்பாதியில் எல்லாரும் நிமிர்ந்து முழு வேகத்துக்கு வந்துவிட்டால் நீளக் கால்களுக்குத்தான் லாபம். அதனால் இவர் கணக்கை முன்னாலேயே முடித்தாக வேண்டும். பழைய காணொளி எதையாவது மெதுவாக ஓடவிட்டுப் பாருங்கள். துப்பாக்கி வெடித்ததும் மற்றவர்கள் பிளாக்கிலிருந்து, அதாவது காலை ஊன்றிக் கிளம்பும் கட்டையிலிருந்து, எழுகிறார்கள். இவர் எழுவதே இல்லை. தலை குனிந்தே இருக்கிறது, உடம்பு முன்னால் சாய்ந்து இதோ விழப்போகிற மாதிரி இருக்கிறது, அடியில் கால்கள் மட்டும் தையல் மெஷின் ஊசி மாதிரி குத்திக் குத்தி ஓடுகின்றன. முப்பது மீட்டரில் தலை நிமிரும்போது முன்னால் ஆளே இல்லை.

2008 பீஜிங் ஒலிம்பிக்கில் இவருக்கு 21 வயது. ஜமைக்கா தலைநகர் கிங்ஸ்டனில் வாட்டர்ஹவுஸ் என்ற ஏழ்மையான பகுதியிலிருந்து வந்தவர், அம்மா தெரு வியாபாரி. ஜமைக்கா தகுதிப் போட்டியில் அப்போதைய உலக சாம்பியன் வெரோனிகா கேம்பல் பிரவுன் நான்காவதாக வந்துவிட்டார். இந்தச் சின்னப் பெண்ணை நிறுத்திவிட்டு வெரோனிகாவை அனுப்புங்கள் என்று அங்கே ஒரே பேச்சு. சின்னப் பெண் போய் 100 மீட்டரை 10.78 விநாடியில் ஓடித் தங்கம் வாங்கினார். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் மறுபடியும் தங்கம். 2013 மாஸ்கோ உலக சாம்பியன்ஷிப்பில் 100, 200, ரிலே என்று மூன்று. நடுவில் 2010-ல், பல்வலிக்குச் சாப்பிட்ட மாத்திரையில் தடை செய்யப்பட்ட மருந்து இருந்ததால் ஆறு மாதத் தடை. ரசிகன் என்பதற்காக அதைச் சொல்லாமல் விட முடியாது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். 2017 ஆகஸ்ட் 6 அன்று லண்டனில் உலக சாம்பியன்ஷிப் பெண்கள் 100 மீட்டர் இறுதி ஓட்டம். மறுநாள் இவருக்கு மகன் பிறந்தான், அவசர சிசேரியன். நான் மேலே சொன்ன அந்தச் சாய்வு இருக்கிறதே, அதைக் குலையாமல் தாங்கிப் பிடிப்பது வயிறும் இடுப்பும்தான். அந்த வயிற்றைத்தான் கிழித்துத் தைத்திருக்கிறார்கள். மற்ற ஓட்டக்காரிக்கு அது பாதி நஷ்டம் என்றால், ஸ்டார்ட்டை வைத்தே பிழைக்கிற இவருக்கு முதலுக்கே மோசம். அடுத்த வருடம் இவரால் முடிந்தது 10.98. அதற்கடுத்த வருடம் தோஹாவில் 10.71. மாஸ்கோவில் 26 வயதில் ஓடி ஜெயித்த அதே நேரம், நூறில் ஒரு பங்கு கூடக் குறையவில்லை!

பாசத்தால் விநாடி குறையாது. தசையைத் திரும்பக் கட்டி, ஸ்டார்ட்டை அடி அடியாகத் திரும்பப் பழகி வாங்கியது அது. அதோடு நின்றாரா? 2021-ல், 34 வயதில் 10.60 ஓடினார். வாழ்நாளில் அவர் ஓடிய மிக வேகமான ஓட்டம் அதுதான். 2022-ல், 35 வயதில் ஐந்தாவது முறையாக 100 மீட்டர் உலக சாம்பியன். ஓர் ஆண் இப்படி ஓடியிருந்தால் அனுபவம், நுணுக்கம், உழைப்பு என்று பக்கம் பக்கமாக எழுதியிருப்போம். அவருக்கு எத்தனை பிள்ளைகள் என்று ஒருவரும் கேட்டிருக்க மாட்டோம்.

அவரே தன்னை 'மம்மி ராக்கெட்' என்று சொல்லிக்கொள்கிறாரே என்று கேட்பீர்கள். அது அவர் உரிமை, தாராளமாகச் சொல்லட்டும். நாம் அதை மட்டுமே சொல்வதுதான் பிரச்சினை. அதே தோஹாவில், அதே ராத்திரி, அமெரிக்க ஓட்டக்காரி ஆலிசன் ஃபீலிக்ஸும் பிரசவம் முடிந்து பத்து மாதத்தில், ஆணும் பெண்ணும் சேர்ந்து ஓடும் கலப்பு ரிலேயில் தங்கம் வாங்கினார். அம்மாவாகப் போகிற சமயத்தில் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கப் பேசியபோது, ஷூ நிறுவனம் அவருக்கு முன்பைவிட 70 சதவீதம் குறைவாகக் கொடுக்க முன்வந்தது. கைதட்டும்போது தாய்மை, காசு கொடுக்கும்போது அதே தாய்மை ஒரு குறை.

2025 டோக்கியோ உலக சாம்பியன்ஷிப்பில் ஷெல்லிக்கு 38 வயது. 100 மீட்டர் இறுதியில் ஆறாவது இடம். அப்புறம் ரிலேயில் முதல் ஆளாக நின்று ஓடினார், ஜமைக்காவுக்கு வெள்ளி. கடைசிப் போட்டியிலும் பிளாக்கிலிருந்துதான் கிளம்பினார்.

மகன் பள்ளி விளையாட்டு விழாவில் அவர் பெற்றோர் ஓட்டம் ஓடிய காணொளியைப் பார்த்தீர்களா? மற்ற அம்மாக்கள் பாவம். அங்கே பிளாக்கும் இல்லை, ஆணி வைத்த ஸ்பைக்ஸ் ஷூவும் இல்லை. ஆனால் இவர் கிளம்பும்போது உடம்பு தன்னால் சாய்கிறது.