35 மதிப்பெண்ணும் முழங்கை மச்சமும்

நேற்று முன்தினம் என் மகனை மறுபடியும் ‘அ’வன்னாவிலிருந்து தொடங்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். 14 வயதுப் பிள்ளை. ஒரே நடுநிலைப் பள்ளியில் எட்டு ஆண்டுகள் படித்து முடித்து, மாற்றுச் சான்றிதழும் மதிப்பெண் பட்டியலும் வாங்கிக்கொண்டு, ஒன்பதாம் வகுப்பில் சேர்வதற்காக உயர்நிலைப் பள்ளிக்குப் போன பிள்ளை. இதே வரிசையில் இதே காகித உறையோடு நின்ற பெற்றோர் இதைப் படிப்பவர்களில் பலர் இருப்பீர்கள். உங்களுக்கு நான் எதையும் விளக்க வேண்டியதில்லை. நெஞ்சு ஆறவில்லை, அதனால் எழுதுகிறேன்.

சேர்க்கை மேசையில் இருந்த ஆசிரியர் மதிப்பெண் பட்டியலை எடுத்துப் பார்த்தார். தமிழ் 35, ஆங்கிலம் 35, கணக்கு 35, அறிவியல் 35, சமூக அறிவியல் 35. ‘பாஸ்தானே, பரவாயில்லையே’ என்றபடி, மேசையில் கிடந்த எட்டாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தைப் பிரித்து, ஒரு பத்தியில் விரலை வைத்து, ‘எங்கே, இதைப் படி பார்க்கலாம்’ என்று அவன் பக்கம் தள்ளினார். ‘சார், இவன் தனிநபர் கல்வித் திட்டத்தில், அதாவது இவனுக்கென்றே வகுத்த இலக்குகளோடு படித்தவன், இவனுக்கு அறிவுசார் குறைபாடு இருக்கிறது’ என்று நான் சொல்லி முடிப்பதற்குள் அவன் புத்தகத்தைக் கையில் எடுத்துவிட்டான். புத்தகம் என்றால் அவனுக்கு அவ்வளவு ஆசை. பின்னால் பதினைந்து பேர் நின்றார்கள். அவன் பத்தியை மேலிருந்து கீழ்வரை நிதானமாகப் பார்த்தான். தெரிந்த சொல் எங்கேனும் இருக்கிறதா என்று தேடுகிறான் என்பது எனக்குத் தெரியும். ‘வீடு’ என்ற சொல் கண்ணில் பட்டதும் அதன்மேல் விரலை வைத்து, உரக்க ‘வீடு’ என்று சொல்லிவிட்டு ஆசிரியரைப் பார்த்துச் சிரித்தான். அவர் அவனைப் பார்க்கவில்லை. பட்டியலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ‘இவனா தமிழில் 35 வாங்கினான்?’ என்று கேட்டார். வரிசையில் யாரோ சிரித்தார்கள். கணக்காவது வருகிறதா என்று பார்ப்பதற்காக, ஒரு தாளில் இரண்டு பின்னங்களை எழுதிக் கூட்டச் சொன்னார். அவன் பேனாவை வாங்கித் தன் பெயரை எழுதினான். முதலெழுத்தும் போட்டு, புள்ளியும் வைத்து, தாளை இரண்டு கைகளாலும் அவரிடம் நீட்டினான். அவர் அதை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, ‘ஒன்றுமே தெரியவில்லையே அம்மா, அடிப்படையிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான்’ என்றார்.

எட்டு ஆண்டுகளும் அந்த ஒரு வாக்கியத்தில் போயிற்று.

அவனுக்கு என்ன தெரியும் என்று அந்த மேசையில் யாரும் கேட்கவில்லை, ஆகவே இங்கே சொல்கிறேன். சென்ற மாதம் தெருமுனை மளிகைக் கடையில் 32 ரூபாய்க்குச் சாமான் வாங்கிவிட்டு 50 ரூபாய்த் தாளைக் கொடுத்தான். கடைக்காரர் பேச்சுவாக்கில் 12 ரூபாயைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அவன் நகரவில்லை. காசுகளைப் பலகையின்மேல் ஒவ்வொன்றாக அடுக்கி எண்ணிவிட்டு, ‘இன்னும் ஆறு’ என்றான். அந்த ‘இன்னும் ஆறு’ வருவதற்கு இரண்டு ஆண்டுகளுக்குமேல் ஆயிற்று. வட்டார வள மையத்திலிருந்து வாரம் ஒருமுறை வரும் சிறப்புப் பயிற்றுநர், முதலில் பழுப்பு நிறத் தாள் பத்து, நீலத் தாள் ஐம்பது, ஊதாத் தாள் நூறு என்று நிறத்தைப் பிடித்துப் பழக்கினார். பிறகு பெரியது எது, சிறியது எது என்பது. பிறகு சில்லறையைச் சேர்த்து எண்ணுவது. கடைசியில்தான் மீதிப் பணம். ஒவ்வொரு படிக்கும் ஒரு குறிப்பு நோட்டில் தேதி போட்டு, அதற்கு எதிரே மூன்றில் ஒன்றை எழுதுவார்: கை பிடித்துச் செய்வித்தால் செய்கிறான், சொல்லிக்கொடுத்தால் செய்கிறான், தானாகச் செய்கிறான். அந்த நோட்டில் ‘கை பிடித்து’ என்று தொடங்கிய வரி ‘தானாக’ என்று மாறும் நாளில் எனக்குத் தொலைபேசியில் சொல்லிவிடுவார். பேருந்தின் நெற்றிப் பலகையில் எங்கள் ஊர்ப் பெயரைப் படிப்பது, கடிகாரத்தில் அரை மணி சொல்வது, என் கைப்பேசி எண்ணைப் பத்து இலக்கமும் பிசகாமல் சொல்வது, எல்லாம் அதில் இருக்கின்றன. பருவத்துக்கு ஒருமுறை நானும் அதில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

அந்த நோட்டு எங்கே? அலுவலக பீரோவில். அது அலுவலகப் பதிவேடு, வெளியே தர முடியாது என்று சொல்லிவிட்டார்கள். என் மகன் உண்மையாகக் கற்றவையெல்லாம் பூட்டிய பீரோவுக்குள் இருக்க, அவன் கல்லாதவற்றுக்குப் போட்ட ஐந்து 35-கள் அரசு முத்திரையோடு என் கையில் இருக்கின்றன.

அந்த 35-ஐ எனக்குச் செய்த உபகாரமாகவே பள்ளி நினைக்கிறது. மாற்றுச் சான்றிதழ் வாங்கப் போன அன்று, இவன் கற்றவற்றை ஒரு தாளில் எழுதிச் சான்றிதழோடு இணைத்துக் கொடுங்கள் என்று தலைமையாசிரியரிடம் கேட்டேன். ‘பாஸ் போட்டுத்தானே கொடுத்திருக்கிறோம் அம்மா, இதற்குமேல் என்ன வேண்டும்?’ என்றார். எட்டு ஆண்டுகளாக என் மகனைச் சேர்த்துக்கொண்டவர் அவர், ஒருநாள்கூட வரவேண்டாம் என்று சொன்னதில்லை. அந்த நன்றி எனக்கு என்றும் உண்டு. ஆனால் இந்த இடத்தில் அவர் செய்தது அநியாயம். சமூக அறிவியல் பாடத்தில் ஒரு வரியும் அவனுக்குப் புரியாது, அதற்கும் 35. காசை எண்ணிக் கணக்குக் கேட்கிறான், அதற்கும் 35. தெரிந்ததற்கும் தெரியாததற்கும் ஒரே எண்ணைப் போட்டால், அந்தப் பிள்ளையை யாருமே பார்க்கவில்லை என்பதைத் தவிர அந்த எண் வேறு என்ன சொல்கிறது? இரக்கப்பட்டுப் போட்ட அந்தப் பொய்யான எண்தான் வரிசையில் பதினைந்து பேர் முன்னால் அவனைப் பொய்யனாக்கியது.

இத்தனைக்கும் அந்தப் பொய்க்குத் தேவையே இல்லை. 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 30-ஆவது பிரிவு, எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தக் குழந்தையும் பொதுத்தேர்வில் தேற வேண்டியதில்லை என்றும், முடித்த ஒவ்வொரு குழந்தைக்கும் சான்றிதழ் தர வேண்டும் என்றும் சொல்கிறது. அதையொட்டி 2010-இல் மத்திய அரசு வகுத்த விதிகள், அந்தச் சான்றிதழில் மாணவரின் திரள் பதிவேடு, அதாவது அவர் கற்றதைத் தொகுத்த பதிவு, இடம்பெற வேண்டும், பாடத்துக்கு வெளியே அவர் அடைந்தவற்றையும் குறிப்பிட வேண்டும் என்கின்றன. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, தன் 16-ஆவது பிரிவில், மாற்றுத்திறன் கொண்ட ஒவ்வொரு மாணவரும் எந்த அளவுக்குக் கற்று முன்னேறியிருக்கிறார் என்பதைக் கண்காணிக்கும் கடமையைப் பள்ளியின்மேல் சுமத்துகிறது. கண்காணித்தார்கள், நோட்டில் எழுதினார்கள், நான் கையெழுத்தும் போட்டேன். அந்த நோட்டிலிருந்து நான்கு வரியைச் சான்றிதழுக்கு எடுத்து எழுதும் வேலையை மட்டும் யாரும் தங்கள் வேலையாக எடுத்துக்கொள்ளவில்லை.

எழுத்தர் சொன்ன காரணம் ஒன்றுதான்: பள்ளிக் கல்வித் துறையின் கணினிப் பதிவேடான எமிஸில் அதற்கு இடம் இல்லை. கணினியில் கட்டம் இல்லாததால் என் மகனின் படிப்பும் இல்லை என்று ஆகிவிட்டது. ஆனால் அதே மாற்றுச் சான்றிதழில் எதற்கெல்லாம் இடம் இருக்கிறது என்று அன்றைக்கு அங்கேயே நின்று படித்தேன். தந்தை பெயருக்கு இடம் இருக்கிறது. மதத்துக்கும் சாதிக்கும் இடம் இருக்கிறது. கடைசியாகப் பள்ளிக்கு வந்த நாளுக்கு இடம் இருக்கிறது. நடத்தை என்ற இடத்தில் ‘நன்று’ என்று போட்டிருக்கிறார்கள். அங்க அடையாளம் என்ற இடத்தில் ‘இடது முழங்கையில் ஒரு மச்சம்’ என்று எழுதியிருக்கிறார்கள். ஒரு பிள்ளையின் தோலில் உள்ள மச்சத்துக்கு ஒதுக்கிய ஒரு வரியை, அவன் தலைக்குள் எட்டு ஆண்டுகளாக ஏறியவற்றுக்கு ஒதுக்க முடியவில்லையா?

இப்படிப்பட்ட பிள்ளைகளின் கல்வியை அளக்கவே முடியாது என்று மட்டும் யாரும் என்னிடம் சொல்ல வேண்டாம். இந்தச் சென்னையில், பல பத்தாண்டுகளுக்கு முன்பே, மதராஸ் வளர்ச்சித் திட்டமிடல் முறை என்ற ஒன்றை உருவாக்கினார்கள். 18 களங்கள், களத்துக்கு 20 என்று மொத்தம் 360 திறன்கள். குழந்தை எதைச் செய்கிறது, எதை இன்னும் செய்யவில்லை என்று ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டே போகலாம். சிறப்புக் கல்வி படித்த எந்த ஆசிரியரும் அதை அறிவார். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில், வாழ்க்கைத் திறன் பாடங்களை எடுத்துப் படிக்கும் மாணவர் அந்தப் பாடங்களுக்குப் பொதுத்தேர்வு எழுதுவதில்லை. அவர் எட்டிய ஒவ்வோர் இலக்கையும் ‘எட்டினார்’ அல்லது ‘உதவியுடன் எட்டினார்’ என்று பள்ளி பதிகிறது. பள்ளியிறுதிச் சான்றிதழோடு அந்த விவரமும் அவர் கைக்கு வருகிறது. எங்கள் பயிற்றுநர் எழுதிய ‘தானாகச் செய்கிறான்’, ‘சொல்லிக்கொடுத்தால் செய்கிறான்’ என்பதும் அதுவேதான். அங்கே அது சான்றாகப் பிள்ளையிடம் போகிறது, இங்கே பீரோவுக்குள் போகிறது.

தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் சேர்த்துவிடுங்கள், பிரச்சினை தீர்ந்துவிடும் என்று ஆளாளுக்குச் சொல்கிறார்கள். எழுத்தில் சற்றே பின்தங்கிய பிள்ளைகள் பலருக்கு அது நல்ல வழி. பாடங்களைத் தேர்ந்தெடுக்கலாம், தவணை தவணையாக எழுதித் தேறலாம். ஆனால் அங்கேயும் பத்தாம் வகுப்புக்கு ஐந்து பாடங்களில் தேற வேண்டும். என் மகனின் கல்வி அந்த ஐந்து பாடங்களுக்குள் இல்லை. அவனுக்கு வேறொரு தேர்வைத் தேடித் தாருங்கள் என்று நான் கேட்கவில்லை. அவனுக்காக இதே அரசு வகுத்த திட்டத்தில், இதே அரசு அனுப்பிய பயிற்றுநரிடம் அவன் கற்றதை, கற்றான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாருங்கள் என்றுதான் கேட்கிறேன்.

அப்படி ஒரு தாள் அன்று என் கையில் இருந்திருந்தால், அந்த ஆசிரியர் எட்டாம் வகுப்புப் புத்தகத்தைப் பிரித்திருக்கவே மாட்டார். அவர் கெட்டவர் அல்லர். கையில் கொடுத்த தாளை நம்பினார். நூறு ரூபாய்க்குள் கணக்குப் பார்ப்பான் என்று படித்திருந்தால், அடுத்து இருநூறுக்கு என்ன செய்யலாம் என்று யோசித்திருப்பார். இப்போது புதிதாக ஒரு திட்டம் எழுதப் போகிறார்களாம். அதில் முதல் இலக்கு, உயிரெழுத்துகளை அடையாளம் காணுதல். தன் பெயரை முதலெழுத்தோடு எழுதி நீட்டிய பிள்ளைக்கு! அந்தத் தாளை அவர் ஓரமாக வைத்தாரே, அதையாவது கோப்பில் சேர்த்தார்களா என்று தெரியவில்லை. அது ஒன்றுதான் அன்று அங்கே இருந்த உண்மையான சான்றிதழ்.

நேற்று இரவு, நகலெடுப்பதற்காக மாற்றுச் சான்றிதழை மறுபடியும் வெளியே எடுத்தேன். அங்க அடையாளத்தைப் படித்தபோது ஏதோ இடறியது. அவனைக் கூப்பிட்டுச் சட்டைக் கையை மடித்துப் பார்த்தேன். மச்சம் வலது முழங்கையில் இருக்கிறது. ஒரு வரி எழுதியிருக்கிறார்கள், அதுவும் தவறு. ‘இது எந்தக் கைடா?’ என்று கேட்டேன். ‘வலது’ என்று உடனே சொன்னான். இடது வலது அவனுக்கு நான்காம் வகுப்பில் வந்தது, ‘தானாகச் சொல்கிறான்’ என்று அந்த நோட்டில் இருக்கிறது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்க முடியவில்லை, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தேன். எதற்கென்று கேட்காமல் அவனும் பக்கத்தில் உட்கார்ந்து கூடவே சிரித்தான்.