துபாய்க்கு நாலு நாள் போகிறவர்கள் பாலைவனத்துக்குக் கொடுக்க வேண்டிய அரை நாள்

அரையாண்டு விடுமுறை நெருங்குகிறது. சேலத்தில் எந்த டிராவல்ஸ் வாசலைப் பார்த்தாலும் துபாய் பேனர்தான். நாலு இரவு ஐந்து பகல், புர்ஜ் கலீஃபா, படகில் இரவு விருந்து, பாலைவன சஃபாரி. எங்கள் தெருவிலிருந்தே இரண்டு குடும்பங்கள் கிளம்புகின்றன. அதில் ஒரு அக்கா கேட்டார்: “ஏன் தம்பி, மணலைப் பாக்கறதுக்கு எதுக்கு அரை நாளு? அந்த நேரத்துக்கு இன்னொரு மாலு பாத்துக்கலாம்ல?”

வாசலில் நின்றபடி சொல்லி முடிக்கிற பதில் இல்லை அது. அதனால் இங்கே எழுதுகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குறுகிய பயணத்தில் எதை வேண்டுமானாலும் விடுங்கள், பாலைவனத்தை விடாதீர்கள். மால் நமக்குப் பெங்களூரிலும் இருக்கிறது. கட்டடமும் கடையும் எழுவதற்கு முன்னால் அந்த நாடு எப்படி இருந்தது என்பது மணலில் கால் வைத்தால்தான் தெரியும். ஆனால் பேக்கேஜில் சேர்த்து விற்கிற சஃபாரியில் பாலைவனம் மிகக் கொஞ்சமாகத்தான் இருக்கிறது. கடிகாரத்தை வைத்துப் பார்த்தாலே புரியும்.

பிற்பகல் மூன்று மணி சுமாருக்கு ஹோட்டல் வாசலில் லேண்ட் குரூசர் வந்து நிற்கும். ஆறேழு பேரை ஏற்றிக்கொண்டு ஹத்தா சாலையில் லஹ்பாப் பக்கம் போவார்கள். ஊருக்குள் மற்றவர்களை ஏற்றுவதிலேயே பாதி நேரம் போய்விடும். மணல் தொடங்கும் இடத்தில் வண்டியை நிறுத்தி டயரில் காற்றை இறக்குவார்கள். ரோட்டில் 35 பிஎஸ்ஐ அளவில் இருக்கும் காற்று மணலில் 15, 18 என்று வந்துவிடும். டயர் பரந்து உட்கார்ந்தால்தான் மணலில் புதையாமல் ஓடும். சங்ககிரி லாரிக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. அப்புறம் சுமார் அரை மணி நேரம் மணல்மேடுகளில் ஏற்றி இறக்கி, சாய்த்துச் சறுக்கி ஓட்டுவார்கள். பிறகு ஒரு மேட்டில் நிறுத்தி அஸ்தமனத்தில் போட்டோ. அங்கிருந்து நேராகக் கேம்ப். ஒட்டகத்தின் மேல் ஏறி ஒரு சுற்று, கையில் மருதாணி, கையுறையில் ராஜாளியை உட்கார வைத்துக் காசுக்குப் படம், பஃபே சாப்பாடு, மேடையில் பெல்லி டான்ஸ், பாவாடை சுழலும் தனூரா, நெருப்பு விளையாட்டு. ஒன்பது மணி சுமாருக்கு ஹோட்டலுக்குத் திரும்பிவிடலாம்.

ஆறு மணி நேரத்தில் ரோடு எவ்வளவு, கேம்ப் எவ்வளவு என்று கழித்துப் பாருங்கள். மணலில் நம் காலால் நின்றது அந்த அஸ்தமனப் படம் எடுத்த நேரம் மட்டும்தான். அப்போதும் பக்கத்து மேட்டில் இருபது வண்டி நிற்கிறது, அதில் பாட்டும் ஓடுகிறது. பெல்லி டான்ஸும் தனூராவும் எகிப்துப் பக்கத்துக் கலைகள், எமிரேட்ஸ் பாலைவனத்தில் பிறந்தவை இல்லை. அந்த மண்ணுக்குச் சொந்தமானது அய்யாலா. இரண்டு வரிசையாக எதிரெதிரே நின்று, மூங்கில் கம்பை அசைத்து, கவிதை பாடி ஆடுவார்கள். யுனெஸ்கோ பட்டியலிலேயே இருக்கிறது. பல கேம்ப்களில் அது நடப்பதே இல்லை.

ஏற்காட்டின் அடிவாரத்தில் வாழ்கிற நமக்கு இந்த வகைச் சுற்றுலா நன்றாகவே தெரியும். சனி, ஞாயிறு காலையில் கோரிமேடு தாண்டினாலே வெளியூர் வண்டிகள். 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி, ஏரியில் ஒரு படகு, லேடீஸ் சீட்டில் ஒரு செல்ஃபி, பகோடா பாயிண்ட்டில் ஒரு மிளகாய் பஜ்ஜி. வழியில் குரங்குக்குச் சிப்ஸ் பாக்கெட்டைப் பாக்கெட்டோடு வீசுவார்கள். சாயந்திரம் இறங்கும்போது, “ஏற்காட்ல ஒண்ணும் பெருசா இல்லைங்க” என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வலிக்கும். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் கொண்டுவந்த காப்பிச் செடியின் வாரிசுகள் ரோட்டோரம் சில்வர் ஓக் நிழலில் நிற்கின்றன. மரத்தைச் சுற்றி மிளகுக் கொடி ஏறியிருக்கிறது. சேர்வராயன் கோயில் குகைக்குள் குனிந்து போனால் பாறையின் குளிர்ச்சி முதுகில் இறங்குகிறது. மலையாளிப் பழங்குடி மக்களின் ஊர்களில் வேறு ஒரு வாழ்க்கை நடக்கிறது. அரை நாளில் இதில் ஏதாவது ஒன்றை நிதானமாகப் பார்க்க முடியும். ஏழு பாயிண்ட்டையும் அரை நாளில் முடிக்கப் பார்ப்பவர்களுக்கு ஒன்றும் கிடைப்பதில்லை.

நம் மலைக்கு வருகிறவர்கள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று ஆசைப்படுகிறோமோ, அப்படி நாம் அவர்கள் மணலில் நடந்துகொள்ள வேண்டும். இதை நான் மனதாரச் சொல்கிறேன்.

சரி, அப்படியானால் எந்த அரை நாள்?

காலை நேரத்தைத்தான் நான் சொல்வேன். பெரும்பாலோர் அஸ்தமனத்துக்காக மாலையைத் தேர்ந்தெடுக்கிறார்கள், கேம்ப் சாப்பாடும் அதில்தான் வருகிறது. ஆனால் பாலைவனத்தில் உயிர்கள் நடமாடுவது இரவில். வண்டு, மணல் எலி, நரி, பல்லி எல்லாம் இரவு முழுக்க நடந்த தடம் விடியற்காலையில் மணலில் அப்படியே இருக்கும். வெயில் ஏறிக் காற்று அடித்தால் அழிந்துவிடும். விவரம் தெரிந்த வழிகாட்டி ஒருவர் இருந்தால், எது எந்தப் பக்கம் போனது, எங்கே எதைப் பிடித்துத் தின்றது என்று தடத்தைப் பார்த்தே சொல்லுவார். குழந்தைகளுக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்? டிசம்பர், ஜனவரியில் அங்கே ஏழு மணி சுமாருக்குத்தான் சூரியன் உதிக்கிறது. அதனால் நடுராத்திரியில் எழுந்து ஓட வேண்டியதில்லை. குளிர் இருக்கும், ஏற்காட்டுக்கு எடுத்துப் போகிற ஸ்வெட்டரையே எடுத்துக்கொள்ளுங்கள். மதியத்துக்குள் திரும்பிவிடலாம் என்பதால், இரவு விமானம் பிடிக்கிறவர்களுக்கும் விமான நிறுவனத்தின் மூலம் வாங்குகிற 48 மணி நேர, 96 மணி நேர டிரான்சிட் விசாவில் இறங்குகிறவர்களுக்கும் இதுதான் தோது. மே, ஜூன் மாதங்களில் போகிறவர்களுக்கு விடிகாலை ஒன்றுதான் வழி. வெயில் 40 டிகிரியைத் தாண்டிவிடும்.

எங்கே போவது என்று கேட்டால், துபாய் பாலைவனப் பாதுகாப்புச் சரகத்தைச் சொல்வேன். 225 சதுர கிலோமீட்டர். துபாய் எமிரேட்டின் நிலத்தில் சுமார் 5 சதவீதம் அது ஒன்றே. குறிப்பிட்ட சில நிறுவனங்களுக்குத்தான் உள்ளே அழைத்துப் போக அனுமதி. வண்டிகள் குறித்த தடத்தில் மெதுவாகத்தான் போக வேண்டும். சாதாரண சஃபாரியைவிடக் கட்டணம் நிறையக் கூடுதல், அதை மறைக்கவில்லை. ஆனால் அங்கே அரேபிய ஓரிக்ஸைக் காட்டிலேயே பார்க்கலாம். வெள்ளை உடம்பு, நீண்டு நேராகப் போகிற இரண்டு கொம்பு, கறுப்புக் கால். வேட்டையாடி வேட்டையாடி, 1972இல் ஓமானில் கடைசிக் கூட்டமும் தீர்ந்துபோனது. இயற்கையில் ஒன்றுகூட மிச்சமில்லை. நல்லவேளையாக, பத்து வருடம் முன்பே சிலவற்றைப் பிடித்து அமெரிக்காவில் ஃபீனிக்ஸ் மிருகக்காட்சி சாலையில் பெருக்கத் தொடங்கியிருந்தார்கள். அந்த வம்சத்தை 1982இல் மறுபடியும் ஓமான் மணலில் விட்டார்கள். 2011இல் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அதை அழியும் நிலைப் பட்டியலிலிருந்து ஒரு படி கீழே இறக்கியது. அதாவது ஆபத்து குறைந்தது என்று அர்த்தம். துபாய் சரகத்திலும் இப்போது மந்தை மந்தையாக இருக்கின்றன. ஒரு மிருகம் முழுசாக இல்லாமல் போய், மனிதன் நினைத்ததால் திரும்பி வந்திருக்கிறது. அது முப்பது அடி தூரத்தில் நின்று நம்மைப் பார்க்கும்போது, அந்தப் பயணத்துக்குக் கொடுத்த பணம் யாருக்கும் உறுத்தாது.

இன்னொன்றையும் அங்கே பார்ப்பீர்கள். மணலின் நடுவே தனியாகப் பச்சையாக ஒரு மரம். அவர்கள் ‘காஃப்’ என்கிறார்கள். 2008இல் அதை எமிரேட்ஸின் தேசிய மரமாக அறிவித்தார்கள். அது வேறு எதுவும் இல்லை, நம் வன்னி மரமேதான். விருத்தாசலம் கோயிலின் தலமரம். அஞ்ஞாதவாசத்தின்போது பாண்டவர்கள் ஆயுதத்தை ஒளித்து வைத்த மரம். விஜயதசமிக்கு இங்கே பல கோயில்களில் வன்னி மரத்தடியில் அம்பு போடுகிறார்கள். அங்கே அதன் வேர் 30 மீட்டர் வரைக்கும் கீழே போய்த் தண்ணீரைத் தேடுகிறது. இலை ஒட்டகத்துக்குத் தீவனம், நிழல் எல்லாருக்கும். அதே குடும்பத்தைச் சேர்ந்த சீமைக் கருவேலமும் அங்கே கொண்டுபோய் நடப்பட்டு, நம் ஏரி குளங்களைப் பிடித்த மாதிரியே அவர்கள் நிலத்தையும் பிடித்திருக்கிறது. இதையெல்லாம் வண்டியிலிருந்து இறங்கி நின்றால்தான் பார்க்க முடியும். அரை மணி நேரம் குலுக்கிவிட்டுக் கேம்ப்புக்கு ஓட்டிப் போகிற பயணத்தில் வன்னி மரம் ஒரு பச்சைப் புள்ளியாகக் கடந்து போய்விடும்.

கோயம்புத்தூரிலிருந்து ஷார்ஜாவுக்கு நேரடி விமானத்தில் போகிறவர்கள் நம் பக்கம் நிறையப் பேர். அந்த அக்கா குடும்பமும் அப்படித்தான். அவர்களுக்கு நான் சொன்னது மிலேஹா. ஷார்ஜா எமிரேட்டிலேயே, ஊரிலிருந்து ஏறக்குறைய ஒரு மணி நேரத் தூரம். அங்கே மணலோடு வரலாறும் கிடைக்கிறது. 4,000 வருடத்துக்கு மேல் பழமையான வட்டக் கல்லறை இருக்கிறது. ஒரு பாறை மலை முழுக்கக் கடல் சிப்பிகளின் புதைபடிவம். அந்த மலை ஒரு காலத்தில் கடலுக்கு அடியில் கிடந்தது. பக்கத்திலேயே ஃபாயா. இரண்டு லட்சம் வருடங்களுக்கு முன்பிருந்தே மனிதர்கள் வந்து தங்கிப்போன தடயம் அங்கே கிடைத்ததால், 2025இல் அதை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அருங்காட்சியகமும் மணல் பயணமும் சேர்த்து அரை நாளில் தாராளமாக முடியும். எட்டாவது படிக்கிற பையனும் எழுபது வயதுப் பாட்டியும் ஒன்றாகப் போகிற குடும்பத்துக்கு இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

மணல்மேட்டு ஓட்டம் வேண்டவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இளவயதுப் பிள்ளைகளுக்கு அது ஒரு குதூகலம். லஹ்பாப் மணல் செக்கச்செவேல் என்று இருப்பதும் பார்க்க வேண்டிய காட்சிதான். மணல் துகள்களின் மேல் படிந்த இரும்புத் துரு அந்த நிறத்தைக் கொடுக்கிறது. கஞ்சமலையை வைத்திருக்கிற ஊர்க்காரர்களுக்கு இரும்பு புதிதில்லை. ஆனால் கர்ப்பிணிகள், முதுகுத்தண்டில் தொல்லை உள்ளவர்கள், இதய நோயாளிகள், கைக்குழந்தையோடு போகிறவர்கள் அந்த வண்டியில் ஏறக் கூடாது. மற்றவர்களுக்கு நான் சொல்கிற சோதனை எளிது. ஏற்காட்டு மலை ரோட்டில் எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே ஏறுகிறவர்கள் மணல்மேட்டிலும் வாந்தி எடுப்பார்கள். அவர்கள் கிளம்பும் முன் வயிறு நிறையச் சாப்பிடாமல் இருப்பது நல்லது. முன் சீட்டில் உட்காருங்கள், டிரைவரிடம் மெதுவாகப் போகச் சொல்லுங்கள். சொன்னால் கேட்பார்கள். வெட்கப்பட்டுக்கொண்டு பல்லைக் கடித்து உட்கார வேண்டியதில்லை.

குப்பை விஷயத்தில் மட்டும் கொஞ்சம் கடுமையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. துபாயில் இறந்த ஒட்டகங்களை அறுத்துப் பார்த்த கால்நடை மருத்துவர்கள், சிலவற்றின் வயிற்றில் கிலோ கணக்கில் பிளாஸ்டிக் பை இறுகிக் கட்டியாகிக் கிடந்ததைக் கண்டார்கள். காற்றில் பறந்து முள்செடியில் மாட்டுகிற பையை ஒட்டகம் தீவனம் என்று தின்றுவிடுகிறது. வயிறு நிறைந்த மாதிரி இருக்கும், உள்ளே எதுவும் போகாது, பட்டினியில் சாகும். மலை ரோட்டில் சிப்ஸ் பாக்கெட்டைக் கடித்துக் குதறுகிற குரங்கைப் பார்த்து மனம் கனத்தவர்கள், அங்கே ஒரு தண்ணீர் பாட்டில் மூடியைக்கூட விட்டு வரக் கூடாது.

பணம் கட்டும் முன் ஏஜென்டிடம் இதைக் கேளுங்கள். சஃபாரி காலையிலா, மாலையிலா? போவது பாதுகாப்புச் சரகத்துக்கா, திறந்த மணலுக்கா? மணலில் இறங்கி நடக்க எவ்வளவு நேரம் தருவார்கள்? பேசக்கூடிய வழிகாட்டி வருகிறாரா, டிரைவர் மட்டுமா? ஒரு வண்டியில் எத்தனை பேர்? குவாட் பைக் (மணலில் ஓட்டுகிற நாலு சக்கர பைக்), போட்டோ எல்லாம் கட்டணத்தில் சேர்த்தியா, தனியா? பதில் தெளிவாக வரவில்லை என்றால், பேக்கேஜிலிருந்து சஃபாரியை மட்டும் எடுத்துவிட்டு அந்தத் தொகையைக் கழிக்கச் சொல்லுங்கள். பாதுகாப்புச் சரகப் பயணத்தையும் மிலேஹாவையும் வீட்டிலிருந்தபடியே ஆன்லைனில் நீங்களே பதிவு செய்துகொள்ளலாம். டிசம்பர் கடைசி வாரத்துக்கு இடம் சீக்கிரம் தீர்ந்துவிடும், தேதி முடிவானதுமே பார்த்துவிடுங்கள்.