திருத்தும் முகாமில் அரை நாள் வேண்டும்

கல்லூரி ஆசிரியர்கள் கூடிப் பேச இடமில்லை என்று சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஒவ்வொரு செமஸ்டர் தேர்வும் முடிந்ததும் பல்கலைக்கழகத்தின் விடைத்தாள் திருத்தும் முகாமில் சுற்றுவட்டாரக் கல்லூரி ஆசிரியர்கள் எல்லாரும் ஒரே ஹாலில்தான் உட்கார்ந்திருக்கிறோம். ஒரே வினாத்தாள், ஒரே விடைக்குறிப்பு. பிள்ளைகள் எங்கே தடுமாறுகிறார்கள் என்பது அந்த நாட்களில் தெரிகிற அளவுக்கு வேறு எப்போதும் நமக்குத் தெரிவதில்லை. டீ நேரத்தில் பேச்சும் அதுதான். அப்புறம் மதிப்பெண் பட்டியலில் கையெழுத்துப் போட்டுவிட்டு பஸ் ஏறிவிடுகிறோம். ஒரு வரி கூட யாரும் குறித்துவைப்பதில்லை. அடுத்த வருஷம் அவரவர் வகுப்பில், அவரவர் தனியாக, அதே இடத்தில் போய் முட்டிக்கொண்டு நிற்கிறோம். அந்த முகாமிலேயே அரை நாள் ஒதுக்கி, பிள்ளைகள் செய்த தவறுகளைச் சேர்ந்து பேசி எழுதிவைக்க வேண்டும் என்பதுதான் நான் கேட்பது.

நான் எடுப்பது இயற்பியல். மேலே எறிந்த பந்து கையை விட்டுப் போய்விட்டது, காற்றின் தடையைக் கணக்கில் எடுக்க வேண்டாம், பந்தின் மேல் செயல்படும் விசைகளை வரை என்று கேளுங்கள். கீழ்நோக்கி ஒரு அம்பு வரும், சரி. கூடவே மேல்நோக்கியும் ஒரு அம்பு இருக்கும், அதுதான் தவறு. "மேலே போகுதுல்ல சார், அப்ப மேலே ஒரு விசை இருக்கணும்ல?" நியூட்டன் விதிகளை ஒரு எழுத்துப் பிசகாமல் எழுதிய பிள்ளைதான் இப்படிக் கேட்கும். அரசுக் கல்லூரி, உதவி பெறும் கல்லூரி, சுயநிதி என்ற வித்தியாசமே இதில் கிடையாது.

பக்கத்து ஊர்க் கல்லூரி ஆசிரியர் ஒருவர் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார். எந்த அம்பு போட்டாலும், அந்த விசையைக் கொடுப்பது எது என்று பக்கத்தில் பெயர் எழுதச் சொல்வாராம். கீழ் அம்புக்குப் பூமி என்று எழுதிவிடுவார்கள். மேல் அம்புக்குக் கை என்று எழுதப் போய், கைதான் விட்டுவிட்டதே என்று பேனா நின்றுவிடும். கொஞ்ச நேரத்தில் அவர்களே அதை அடித்துவிடுவார்கள். இதை நான் தெரிந்துகொண்டது ஒரு டீ இடைவேளையில். அன்று அவர் பக்கத்தில் நான் நிற்காமல் போயிருந்தால் என் வகுப்புக்கு இது வந்தே இருக்காது. எனக்கு ஆதங்கமே இதில்தான்.

அமெரிக்காவில் இயற்பியல் பேராசிரியர் டேவிட் ஹெஸ்டினஸும் உடன் பணியாற்றியவர்களும் 1992இல் இந்த மாதிரிக் கேள்விகளைத் தொகுத்து வெளியிட்டார்கள். அதன் பிறகு நடந்ததுதான் நமக்கு முக்கியம். பள்ளி, கல்லூரி, பல்கலைக்கழகம் என்று பல இடத்து ஆசிரியர்கள் பாடம் தொடங்கும் முன்பும் முடிந்த பின்பும் ஒரே மாதிரித் தேர்வை வைத்து, மதிப்பெண்களை ரிச்சர்ட் ஹேக் என்ற இன்னொரு இயற்பியல் பேராசிரியரிடம் கொடுத்தார்கள். மொத்தம் 62 வகுப்புகள், ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள். 1998இல் அவர் வெளியிட்ட முடிவு இது: மாணவர்களை யோசிக்கவும் தங்களுக்குள் பேசவும் வைத்த வகுப்புகளில் முன்னேற்றம், விரிவுரை மட்டும் நடந்த வகுப்புகளைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஒரே கல்லூரிக்குள் ஒருவர் தனியாக உட்கார்ந்து இதைக் கண்டுபிடித்திருக்க முடியாது.

நம் ஊரில் பயிற்சி முகாம்களுக்குக் குறைவில்லை, சான்றிதழ்களுக்கும் குறைவில்லை. ஆனால் அங்கே மாணவர் எழுதிய ஒரு தாளாவது மேசைக்கு வருகிறதா?

"நம்ம பிள்ளைங்க தப்பை வேற காலேஜ்ல போய்க் காட்டணுமா?" என்று கேட்பவர்கள் உண்டு. தேசிய அளவில் கல்லூரிகளுக்குத் தரும் நாக் தரம், என்ஐஆர்எஃப் தரவரிசை, அடுத்த வருஷ அட்மிஷன் என்று அந்தப் பயத்துக்குக் காரணங்கள் இருக்கின்றன. திருத்தும் தாளில் மாணவர் பெயரும் தெரியாது, கல்லூரிப் பெயரும் தெரியாது. அதே முறையில் இதையும் செய்யலாம். யார் வகுப்பில் வந்த தவறு என்று யாரும் தேடப்போவதில்லை.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். முதலாண்டு வகுப்புகள் பல இடங்களில் கௌரவ விரிவுரையாளர்கள் கையில்தான் இருக்கின்றன. அவர்களை விட்டுவிட்டு மூத்தவர்கள் மட்டும் கூடினால் வகுப்பில் எதுவும் மாறாது. அந்த அரை நாளுக்கும் அவர்களுக்கு ஊதியம் கொடுத்தே ஆக வேண்டும்.

அடுத்த முகாமின் கடைசி நாள் மதியத்தை இதற்கு ஒதுக்கச் சொல்லி, பாடத்திட்டக் குழுவுக்கு ஒரு கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒரே ஒரு வினாத்தாள், அதிலும் பாதிப் பேருக்கு மேல் தவறவிட்ட மூன்று கேள்விகள், அவற்றை அடுத்த பருவத்தில் எப்படி நடத்துவது என்று ஒரு பக்கம் எழுதி எல்லாக் கல்லூரிக்கும் அனுப்புவது. இதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. வேதியியல், கணிதம், வணிகவியல் ஆசிரியர்கள் உங்கள் தாளில் வருஷா வருஷம் வருகிற தவறுகளைக் கீழே எழுதுங்கள், கடிதத்தோடு சேர்த்துக்கொள்கிறேன்.