கண்ணுக்குத் தெரியாத பூச்சி செத்தா எனக்கென்னவாம்

ராத்திரியில கடல் அலை நீலமா மின்னுற ஒரு வீடியோவுக்குக் கீழ, "மீன் குறைஞ்சா மீனவனைத் திட்டுறீங்களே, மீன்குஞ்சுக்குக் கடல்ல சோறு இருந்துச்சா"ன்னு நேத்து நான் எழுதின ரெண்டு வரிக்கு வந்த பதிலையெல்லாம் பாத்திருப்பீங்க. "கண்ணுக்கே தெரியாத பூச்சி செத்தா உனக்கென்ன"ன்னு ஒருத்தர் கேட்டிருக்கார். ராத்திரி தூக்கமே வரல.

நான் ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் ஊர்ப் பக்கத்துக்காரன். 2019 செப்டம்பர்ல எங்க கடல் பச்சையாகி மீனெல்லாம் செத்து ஒதுங்கினப்ப அப்பாவோட கரையில நின்னேன். அப்பா ஒரு மீனோட செவுளைத் திறந்து பாத்தார், ஒண்ணும் பேசாம வலையைச் சுருட்டித் தோள்ல போட்டுட்டு வீட்டுக்கு நடந்துட்டார்.

எங்காளுங்க அதைப் பூங்கோரைம்பாங்க. கடல்ல மிதக்குற ஒரு நுண்ணுயிரி அது, பேரு நாக்டிலூகா. அதுக்கு முந்தின மாசம் சென்னையில ராத்திரி மின்னுச்சே, அதுவும் இதே இனந்தான். பாசின்னு சொன்னாலும் இரை பிடிச்சுத் தின்னும். கோப்பிபாட்னு அரிசிமணியை விடச் சின்ன உயிரி இருக்கு, ஜூபிளாங்டன்ல, அதாவது தண்ணியில மிதக்குற குட்டி விலங்குகள்ல, பெரும்பங்கு அதுதான், மீன்குஞ்சு முதமுதல்ல வாய் வைக்கிறது அதோட குஞ்சுலதான். நாக்டிலூகா அந்தக் கோப்பிபாட்டுக்கான இரையையும் தின்னுது, அதோட முட்டையையும் தின்னுது, மீன் முட்டையையும் விடறதில்ல. மீன்குஞ்சோட சோறுங்க அந்தக் கோப்பிபாட்!

பூங்கோரை எப்பவும் வர்றதுதானேம்பீங்க. ஆமா, வரும். 2008லயும் வந்து மீனையும் பவளத்தையும் கொன்னுச்சு. சாக்கடையும் காரணம்தான், ஒத்துக்கிறேன். ஆனா அரபிக்கடலைப் பாருங்க, இமயமலைப் பனி குறையக் குறைய குளிர்காலக் காத்துல குளிர்ச்சி குறைஞ்சு, மேல்தண்ணியும் கீழ்தண்ணியும் கலக்குறது குறைஞ்சு, டயாட்டம்ங்கிற நுண்பாசி இருந்த இடத்துல நாக்டிலூகா வந்து உக்காந்திருக்குன்னு ஆய்வாளர்கள் எழுதி வருசக்கணக்காச்சு.

ஆதாரம் கேட்டவருக்கு இன்னொண்ணு. வட அட்லாண்டிக்ல 1931ல இருந்து கப்பலுக்குப் பின்னாடி ஒரு கருவியைக் கட்டி இழுத்து மிதவை உயிரிகளை எண்ணுறாங்க. கடல் சூடேற, சூட்டுத்தண்ணி கோப்பிபாட்டுங்க 40 வருசத்துல 10 டிகிரி வடக்க ஏறிருச்சு, 1,000 கிலோமீட்டருக்கு மேல. வட கடல்ல காட் மீன்குஞ்சுக்கு வசந்தத்துல கிடைச்ச குளிர்க்கடல் கோப்பிபாட் இனம் குறைஞ்சுபோச்சு, பதிலுக்கு வந்த இனம் வசந்தம் போனப்புறம்தான் பெருகுது. குஞ்சு வாய் திறக்குறப்ப சோறு இல்ல.

நம்ம கடல்ல அத்தனை நீளமான கணக்கு கிடையாது. அதனால மீன் குறைஞ்சா உடனே மீனவன் குஞ்சையெல்லாம் அள்ளிட்டான்னு பழி. சின்னக்கண்ணி வலை தப்புதான், அப்பாவே திட்டுவார். ஆனா அந்தக் குஞ்சுக்குச் சோறு இருந்துச்சான்னு ஒருத்தராவது கேட்டிருக்கீங்களா? அதைக் கேட்டதுக்குத்தான் நேத்து என்னைய அந்தப் பேச்சு பேசினீங்க.

அப்பா இப்பவும் விடியக்காலம் தண்ணியை உள்ளங்கையில அள்ளி மோந்து பாத்துட்டுத்தான் வள்ளத்தைத் தள்ளுறார். அந்த வீடியோவை நான் அவருக்குக் காட்டல.