லண்டன் – நியூயார்க்: தூரம் ஒன்று, நேரம் வேறு வேறு

5,540 கி.மீ. தூரத்தை மணிக்கு 900 கி.மீ. வேகத்தால் வகுத்து, லண்டன் – நியூயார்க் பயணம் ‘இரு பக்கமும் ஆறு மணி நேரம்’ என்று கட்டுரையில் போட்டிருக்கிறீர்கள். தூரம் சரி, நேரம் சரியில்லை. 900 என்பது காற்றைக் கிழித்துப் போகும் வேகம். தரையைக் கடக்கும் வேகம் அல்ல. வட அட்லாண்டிக் மேலே, விமானம் பறக்கும் உயரத்தில் ஓடும் வேகமான காற்றோட்டமான ஜெட் காற்று மேற்கிலிருந்து கிழக்காக வீசுகிறது. மேற்கே நியூயார்க் போகும்போது எதிர்க்காற்று சராசரி 130 என்றால் தரை வேகம் 770, பறக்க மட்டும் 7 மணி 10 நிமிடம் ஆகும். திரும்பும்போது அதே காற்று முதுகில் தள்ளுவதால் வேகம் 1,030 ஆகி, 5 மணி 20 நிமிடத்தில் முடியும். 2020 பிப்ரவரியில் புயல் காற்றோடு வந்த பிரிட்டிஷ் ஏர்வேஸ் போயிங் 747 ஒன்று 4 மணி 56 நிமிடத்தில் லண்டனில் இறங்கியது.

டிக்கெட்டில் இருப்பது இதுவும் அல்ல. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, வரிசையில் நிற்பது, இறங்க வட்டமடிப்பது எல்லாம் சேர்த்துப் போகும்போது சுமார் 8, வரும்போது சுமார் 7 மணி நேரம். இணைப்பு விமானம் பிடிப்பவர்கள் இதைத்தான் பார்க்க வேண்டும், குறிப்பாகக் குளிர்காலத்தில். அப்போதுதான் ஜெட் காற்று மிக வலுவாக இருக்கும்.

இன்னொன்று: இரு ஊர்க் கடிகாரங்களின் நேர வித்தியாசம் எப்போதும் 5 மணி அல்ல. அமெரிக்காவில் மார்ச் இரண்டாம் ஞாயிறே கோடைக்காகக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவிடுவார்கள், பிரிட்டனில் கடைசி ஞாயிறுதான். இடைப்பட்ட நாட்களில் வித்தியாசம் 4 மணி நேரமே.