வயலை விற்பதற்கு முன் கண்ணைக் காட்டுங்கள்

போன கிழமை களுவாஞ்சிகுடியில் ஒரு கலியாண வீடு. பந்தியில் பக்கத்தில் இருந்தவர் சோற்றைப் பிசைந்தபடியே கேட்டார்: "உங்கட மருமகன் பைலட்டுக்குப் படிச்சவர்தானே? என்ட மகனும் அதுக்குத்தான் நிக்கான். படுவான்கரையில மூணு ஏக்கர் வயல் கிடக்கு. அதைக் குடுத்தா காணுமா?"

காணுமா காணாதா என்று எனக்குத் தெரியும். ஆனால் விசயம் வயலில் தொடங்குவதில்லை என்பதைப் பந்தியில் வைத்துச் சொல்ல முடியவில்லை. பாயாசம் வந்துவிட்டது. அதனால் இங்கே எழுதுகிறேன். நீளும். பிள்ளையைப் பைலட்டாக்கும் யோசனை இல்லாதவர்கள் தாராளமாகத் தாண்டிப் போகலாம்.

முதலில் என்னைப் பற்றி ஒரு வார்த்தை. நான் விமானம் ஓட்டத் தெரிந்தவன் இல்லை. அக்காவின் மகன் படித்தான். அதற்கு எடுத்த வங்கிக் கடனுக்குப் பிணை நின்றவன் நான். வானத்தைப் பற்றி அவனுக்கு எவ்வளவு தெரியுமோ, தவணைப் பணத்தைப் பற்றி எனக்கு அவ்வளவு தெரியும்.

எங்கள் வயதுக்காரருக்கு வானத்தில் சத்தம் கேட்டால் நிமிர்ந்து பார்க்கும் பழக்கம் கிடையாது. பங்கருக்குள் குனிந்துதான் பழக்கம். ஹெலி சுற்றினால் அம்மா அடுப்பில் தண்ணீரை ஊற்றிவிட்டு எங்களை இழுத்துக்கொண்டு ஓடுவா. அப்படி ஓடிய அதே அக்காவின் மகன், ஏழு வயதில் கூரையில் ஏறி நின்று சத்தம் வரும் திசைக்குக் கை காட்டியவன். அவனுடைய ஆசை பொய்யில்லை. அதை நான் ஒருநாளும் சந்தேகித்ததில்லை.

சரி, விசயத்துக்கு வருகிறேன். வயலுக்கு விலை கேட்க முதல் பிள்ளையைக் கொழும்புக்குக் கூட்டிக்கொண்டு போய் மெடிக்கல் செய்யுங்கள். சாதாரண மெடிக்கல் இல்லை. விமானத்தைத் தொழிலாக ஓட்டுவதற்கு முதலாம் வகுப்பு மருத்துவச் சான்றிதழ் வேண்டும். சிவில் விமான சேவைகள் அதிகாரசபை அங்கீகரித்த வைத்தியர்கள்தான் அதைச் செய்யலாம். கண், காது, இதயம், இரத்தம் எல்லாம் பார்ப்பார்கள். மூக்குக்கண்ணாடி போட்டவர்கள் பயப்பட வேண்டாம், கண்ணாடியோடு பார்வை சரியாக வந்தால் போதும். மாட்டுவது நிறத்தில்தான். புள்ளி புள்ளியாக நிறங்கள் நிறைந்த வட்டத்துக்குள் ஓர் இலக்கம் ஒளிந்திருக்கும். அது என்ன என்று கேட்பார்கள். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறியாத கண்ணுக்கு அங்கே வெறும் புள்ளிதான் தெரியும்.

மருமகனோடு வகுப்புக்கு வந்த கல்முனைப் பக்கத்துப் பையன் ஒருவன் அந்தப் புத்தகத்தின் முன்னால் உட்கார்ந்திருந்து, "இதுல என்ன இருக்கு சேர்?" என்று திருப்பிக் கேட்டிருக்கிறான். பதினெட்டு வயது வரை அவனுக்கும் தெரியாது, வீட்டாருக்கும் தெரியாது. அதற்குள் முற்பணம் கட்டி, மூன்று மாத வகுப்பும் முடித்திருந்தான். முற்பணம் திரும்பி வரவில்லை. நிறம் எதற்கு என்று கேட்பீர்கள். விமானத்தின் இடது இறக்கை நுனியில் சிவப்பு விளக்கு, வலது நுனியில் பச்சை. இறங்கும்போது ஓடுபாதை ஓரத்தில் நாலு விளக்கு எரியும். இரண்டு வெள்ளை, இரண்டு சிவப்பு என்றால் உயரம் சரி, நாலும் சிவப்பு என்றால் ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்துவிட்டாய். நிறம் தெரியாவிட்டால் அங்கே ஒன்றும் செய்ய ஏலாது. இந்தக் குறை பெரும்பாலும் ஆண்களுக்குத்தான் இருக்கும், வருவதோ தாய்வழியாக. மட்டக்களப்பில் குடி மட்டும்தான் தாய்வழி வருகிறது என்று நினைத்திருந்தேன்.

அடுத்தது இங்கிலிஸ். ஏ.எல் இங்கிலிஸ் பாடத்தில் எடுத்த பெறுபேற்றை இங்கே யாரும் கேட்கப்போவதில்லை. ரேடியோவில் பேசுவதற்குச் சர்வதேச அளவுகோல் ஒன்று இருக்கிறது, ஆறு படிகள். நாலாவது படிக்குக் கீழே என்றால் வெளிநாட்டு வழித்தடத்தில் ஓட்ட முடியாது. நாலாம் படிக்காரர் மூன்று வருடத்துக்கு ஒருமுறை திரும்பச் சோதனைக்குப் போக வேண்டும். எங்கள் பிள்ளைகளுக்கு எழுத வரும், பேசக் கூச்சம். மருமகன் முதல் மாதம் முழுக்கக் கண்ணாடி முன்னால் நின்று பேசிப் பழகினான். அக்கா அதைப் பார்த்துவிட்டு எனக்கு ரகசியமாகக் கோல் எடுத்து, "தம்பி, பொடியனுக்கு என்னமோ நடந்திட்டு" என்றா.

மெடிக்கலும் மொழியும் செலவு குறைந்த கட்டம். பெரிய செலவு எஞ்சின் ஓடத் தொடங்கிய பிறகுதான்.

கொழும்புக்குப் பக்கத்தில் இருக்கும் இரத்மலானை விமான நிலையத்துக்கு ஒருநாள் மருமகன் என்னையும் கூட்டிப் போனான். இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய செஸ்னா 152. எஞ்சின் 110 குதிரைவலு, எங்கள் வயலில் ஓடும் நாலு சில்லு மெசின் இரண்டைச் சேர்த்தால் வரும் வலு. ஏறுவதற்கு முன் அதைச் சுற்றி நடந்தான். வயற்காரன் விடியற்காலையில் வரம்பைச் சுற்றி வருவதுபோல அவசரமே இல்லாத நடை. இறக்கையைத் தடவினான், சில்லை அமத்திப் பார்த்தான், இறக்கைக்குக் கீழிருந்து ஒரு சின்னக் குழாயில் எரிபொருள் பிடித்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். இளநீல நிறம். "தண்ணி கலந்திருந்தா அடியில நிக்கும் மாமா" என்றான். அதுவரை அவனை நான் சின்னப் பொடியனாகத்தான் பார்த்திருந்தேன்.

மறுகா ஏறினான். உள்ளே ஒரு மீட்டர், ஓட்டோ மீட்டர் மாதிரித்தான். ஆறு நிமிடத்துக்கு ஒரு புள்ளி நகரும். மேலே ஏறினாலும் ஏறாவிட்டாலும் எஞ்சின் ஓடினால் அதுவும் ஓடும். முன்னால் இன்னொரு விமானம் இறங்கும்வரை காத்து நிற்கும் நேரத்துக்கும் காசு. பறந்து வந்ததும் கொப்பியில் 1.2 என்று எழுதினான். ஒரு மணி பன்னிரண்டு நிமிடம். அந்தக் கொப்பிதான் விமானியின் சொத்து. தனியார் விமானி லைசென்ஸுக்குச் சர்வதேச ஒழுங்கில் குறைந்தது 40 மணி, சம்பளத்துக்கு ஓட்டும் வணிக விமானி லைசென்ஸுக்கு 200 மணி. அனுமதி பெற்ற தொடர் பயிற்சி என்றால் 150 மணியிலும் எடுக்கலாம்.

இப்போது கணக்குப் பாருங்கள். உதாரணத்துக்கு மணிக்கு 150 டொலர் என்று வைத்துக்கொள்வோம். 200 மணிக்கு 30,000 டொலர். டொலர் 200 ரூபாயாக இருந்த காலத்தில் அது 60 இலட்சம். 2022 இல் 360 ரூபாயைத் தொட்டபோது அதே படிப்பு ஒரு கோடியே 8 இலட்சம். மருமகன் தொடங்கியது 2019 இல். 2020 இல் கொரோனா, உலகமே தரையில் நின்றது. 2022 இல் ரூபாய் விழுந்தது. பாதி வழியில் நிற்கும் பிள்ளையைத் திரும்பி வா என்று சொல்ல முடியுமா? அக்கா வீட்டு உறுதியைக் கொண்டுபோய் வங்கியில் வைத்தா. நான் கையெழுத்து வைத்தேன்.

வணிக லைசென்ஸுக்கு ஒரு நீண்ட தனிப்பறப்பு இருக்கிறது. 300 கடல் மைல், அதாவது சுமார் 550 கிலோமீற்றர், வழியில் வேறு இரண்டு விமான நிலையங்களில் இறங்கி நிறுத்த வேண்டும். அவன் ஒன்றுக்கு மட்டக்களப்பைத் தெரிந்தெடுத்தான். இங்கிருந்து கொழும்புக்கு இரவு ரயிலில் ஏறினால் விடியத்தான் இறங்குவோம். நேர்கோட்டில் பார்த்தால் சுமார் 220 கிலோமீற்றர், அந்தச் சின்ன விமானத்துக்கு ஒன்றேகால் மணி.

அக்கா முதல்நாளே தயிர்ச் சட்டி வாங்கி வைத்துவிட்டா. உள்ளே கொடுக்க விடமாட்டார்கள் என்று சொன்னேன், கேட்கவில்லை. வலையிறவுப் பாலத்தடியில் வெயிலில் நின்றோம். கச்சான் காற்று முகத்தில் அடித்தது. (அந்தக் காற்று ஏன் இப்படிச் சுடுகிறது என்பதைக்கூட அவன்தான் வானிலைப் பாடம் படித்துவிட்டு எனக்குச் சொன்னான்: மேற்கே மலையில் மழையைக் கொட்டிவிட்டு, இந்தப் பக்கம் இறங்கும்போது காய்ந்து சூடாகிறதாம். ஐம்பது வருடம் அந்தக் காற்றில் இருந்தவனுக்கு இருபது வயதுக்காரன் பாடம் எடுக்கிறான்.) பத்தரை மணிபோல வாவிக்கு மேலே ஒரு வெள்ளைப் புள்ளி வந்தது. இடப்பக்கம் கிறுகியது, தாழ்ந்தது, மரங்களுக்குப் பின்னால் மறைந்தது. இருபது நிமிடம் கழித்துத் திரும்ப எழும்பியது. எங்களுக்கு மேலால் போகும்போது அக்கா தயிர்ச் சட்டியைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தா. அவனுக்குத் தெரிந்திருக்காது. அவன் அப்போது எங்களைத் தேடவில்லை, தேடவும் கூடாது என்று பிறகு சொன்னான்.

அந்த ஒரு காலைக்காக நான் இன்னொரு கடனுக்கும் கையெழுத்து வைப்பேன். இதையும் சொல்லாமல் விட்டால் நான் நேர்மையாக எழுதவில்லை என்றாகிவிடும்.

ஆனால் எனக்கு ஊரோடு ஒரு கோபம் இருக்கிறது. அவன் முதன்முறை தனியாகப் பறந்த அன்று, வழக்கப்படி கூட்டாளிகள் வாளியால் தண்ணீர் ஊற்றிப் படம் போட்டார்கள். (எங்கள் ஊரில் தண்ணி வார்ப்பது வேறு விசயத்துக்கு, அக்கா கொஞ்சம் கூச்சப்பட்டா.) மூன்றாம் நாள் சந்தியில் பெரிய பதாகை: எமது மண்ணின் விமானிக்கு வாழ்த்துகள். அப்போது அவனுடைய கொப்பியில் இருந்தது இருபது மணிக்கும் குறைவு. கோயில் திருவிழாவில் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தினார்கள். அதற்குப் பிறகு அவனால் "எனக்குச் சரிவரல்ல, வேற ஏதும் படிக்கப்போறன்" என்று சொல்ல முடியுமா? படிப்பை நிறுத்தவும் ஒரு பிள்ளைக்கு வழி இருக்க வேண்டும். நாங்கள் அந்த வழியில் பதாகையைக் கட்டிவிட்டோம்.

2023 கடைசியில் லைசென்ஸ் வந்தது. இனித்தான் யாரும் சொல்லாத பகுதி. லைசென்ஸ் வேறு, வேலை வேறு. 200 மணியோடு துணை விமானியாக உட்காரச் சட்டம் இடம் தருகிறது. கம்பனி இடம் தர வேண்டுமே. செஸ்னா ஓட்டத் தெரிந்தவன் ஏ320 போன்ற பெரிய பயணிகள் ஜெட்டை ஓட்ட முடியாது. அந்த ரகத்துக்கென்று தனிப் பயிற்சி, சிமுலேட்டரில், தனிக் காசு. பல கம்பனிகள் அந்தப் பயிற்சியும் அனுபவ மணிகளும் இருப்பவனைத்தான் கேட்கின்றன. கப்டனாவதற்கான மேல் லைசென்ஸுக்கு 1,500 மணி. 200 இல் நிற்பவன் மிச்ச 1,300 ஐ எங்கே போய்ச் சேர்ப்பது? பயிற்றுநராகி மற்றப் பிள்ளைகளுக்குப் படிப்பித்துச் சேர்க்கலாம், அதற்கும் இன்னொரு படிப்பு, இன்னொரு செலவு.

சும்மா இருக்கவும் விடாது. மெடிக்கல் வருடத்துக்கு ஒருமுறை. மேகத்துக்குள் கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டும் தகுதியைப் புதுப்பிக்க வருடாந்தச் சோதனை. ஆட்களை ஏற்றிப் பறப்பதென்றால் முந்திய 90 நாளுக்குள் மூன்று தடவையாவது ஏறி இறங்கியிருக்க வேண்டும். கொத்தனார் ஒரு வருடம் வீட்டில் இருந்தாலும் கரண்டி அப்படியே கிடக்கும். இவனுடைய கரண்டிக்கு மாதாமாதம் வாடகை.

இப்போது அவன் காலையில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறான், பின்னேரம் பிள்ளைகளுக்கு பௌதிகவியல் படிப்பிக்கிறான், சேரும் காசைப் பயிற்றுநர் படிப்புக்கு எடுத்து வைக்கிறான். சந்திக்குப் போனால் "என்ன கப்டன், எப்ப பிளேன்?" என்று ஒரு சிரிப்பு. பதாகை கட்டிய அதே ஆட்கள்தான்.

"அப்ப காசு இல்லாதவன் கனவு காணக்கூடாதா?" என்று ஒருவர் கட்டாயம் எழுதுவார். தாராளமாகக் காணட்டும். காசை மொத்தமாகக் கட்ட வேண்டாம் என்றுதான் சொல்கிறேன். மெடிக்கல் சரிவந்த பிறகு ஒரு மணி பறந்து பார்க்கட்டும். வாந்தி எடுத்துவிட்டு வந்து வேறு படிப்பைக் கேட்ட பிள்ளைகளும் உண்டு. 40 மணி வரை போய், தனியார் லைசென்ஸை எடுத்துவிட்டு ஒருமுறை நின்று யோசிக்கட்டும். விமானப் பயிற்சிப் பள்ளிக்குப் போனால் சுவரில் இருக்கும் படங்களைப் பார்க்காதீர்கள். இன்றைக்குப் பறக்கக்கூடிய விமானம் எத்தனை, திருத்தத்தில் நிற்பது எத்தனை, ஒரு விமானத்துக்கு எத்தனை மாணவர் என்று கேளுங்கள். மருமகன் ஒரு விமானம் திருத்தி வரும்வரை நாலு மாதம் அறை வாடகை கட்டிக்கொண்டு இருந்தவன்.

இன்னொன்று, இது பெண் பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கும் சேர்த்து. "ஏவியேசன் டிப்ளோமா" என்ற பெயரில் விற்பதெல்லாம் பைலட் படிப்பு இல்லை. சிலது டிக்கட் போடவும் பயணிகளைக் கவனிக்கவும் பழக்குவது. நல்ல தொழில்தான், ஆனால் வேறு தொழில். விமானப் பொறியியல் பட்டம் எடுத்தாலும் விமானம் ஓட்ட முடியாது. பராமரிப்புப் பொறியியலாளர், வான் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர் என்று இந்தத் துறையில் வேறு கதவுகளும் உண்டு. எங்கள் பக்கத்தில் அவற்றுக்குப் பதாகை கட்டுவதில்லை, அதனால் யாருக்கும் தெரிவதில்லை.

கலியாண வீட்டு அண்ணருக்கு: உங்கள் மகனின் நம்பரை அனுப்புங்கள். மெடிக்கலுக்கு எங்கே போவது, என்ன கொண்டு போவது என்பதை மருமகன் சொல்லுவான், நான் கேட்டுவிட்டேன். ஞாயிறு பின்னேரம் என்றால் அவனுக்கு வகுப்பு இல்லை. வயலை இந்தப் போகமும் விதையுங்கள்.